விரல் பூட்டு

என் கணவர் ஹரீஷுக்குப் புதிதாக வந்த எதையும் உடனே வாங்கிவிட வேண்டும். அவதிப்படுவது நான். மராத்தி ஊரான வாகட்டில், எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு வீடுகளில் விரல் வைத்தால் திறக்கும் பூட்டு வந்ததும் எங்கள் கதவிலும் ஒன்று முளைத்தது. கதவைச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும். ரகசிய எண்ணை அழுத்தியும் திறக்கலாம்; யாராவது எட்டிப் பார்த்துவிடுவார்கள் என்று அதையும் நிறுத்திவிட்டார். அவசரச் சாவி வீட்டுக்குள், பீரோவில்.

"ஏனுங்க, சாவியப் பக்கத்து வீட்ல குடுத்து வெக்கலாமுங்க."

"ப்ரீதி, நீ கோயமுத்தூர்லயே இருந்திருக்கோணும்," என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆடி வெள்ளிக்காக முந்தின நாள் பத்து விரல் நுனிக்கும் மருதாணித் தொப்பி வைத்திருந்தேன். காலையில் நன்றாகச் சிவந்திருந்தது. வடைக்கு எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு, குப்பைப் பையை வாசலில் வைக்க வந்தேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. விரலை வைத்தேன். சிவப்பு விளக்கு. பத்து விரலுக்கும் சிவப்புதான். உள்ளே இரண்டு வயது தேஜஸ்வினி. அவள் குரல் சமையலறைப் பக்கமிருந்து கேட்டது.

பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவின் போனில் ஹரீஷைக் கூப்பிட்டு, குழந்தையும் எரியும் அடுப்பும் உள்ளே என்று சொன்னேன்.

"உன்னை யாரு மருதாணி வெக்கச் சொன்னா? கம்பெனி ஆளு ஒரு மணி நேரத்துல வருவான். பூட்டை உடைச்சுகிடைச்சு வெச்சுராதே. மீட்டிங்ல இருக்கேன்."

ஒரு மணி நேரமாம்! அந்த அம்மா எங்கள் பால்கனியை ஒட்டியிருந்த தன் பால்கனியில் புறா வராமல் கட்டியிருந்த வலையைக் கத்தரித்துக் கொடுத்தாள். ஆறாவது மாடி. லிஃப்டில் ஏறவே பயப்படுவேன் என்று ஹரீஷ் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த நான், கம்பியைப் பிடித்துக்கொண்டு திறந்து கிடந்த எங்கள் பால்கனிக்குத் தாண்டினேன்.

தேஜு ஸ்டூலை அடுப்பருகே இழுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைத்தேன். அவளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன்.

சாயங்காலம் வாசலில் பூட்டு கூவியது. மறுபடியும் கூவியது.

"ப்ரீதி, பச்சை எரியுது, கதவு தொறக்கல. பூட்டை என்ன பண்ணுனே?"

"பூட்டு நல்லாத்தானுங்க இருக்குது. உள்ள தாழ்ப்பாள் போட்டிருக்கேன்."

"எதுக்கு? தொற!"

குழந்தை எப்படி இருக்கிறாள் என்று அவர் இன்னும் கேட்கவில்லை.

"பால்கனி வழியா வாங்க. நான் அப்படித்தான் வந்தேன்."