துடுக்கு வீடு திரும்பக் கூடாது

1.

மறைப்பானேன், இந்தக் கதை ஓர் ஈரச் சட்டையிலிருந்து வந்தது. சட்டை என் மனைவியுடையது. பேருந்து ஓட்டுநராக அவளுக்கு இன்றுதான் முதல் நாள், மதியம் வேலைக்குப் போக வேண்டும். கொடுத்திருப்பது ஒரே ஒரு சீருடை. பால்கனிப் பக்கம் பெயின்ட் அடிக்கிறார்கள் என்பதால் சட்டையை என் அறையில் கொடி கட்டிப் போட்டாள். "ஏங்க, இது காயறது உங்க பொறுப்பு" என்று சொல்லிவிட்டுப் பேன்ட்டுக்கு இஸ்திரி போடப் போனாள். நானும் பொறுப்பாக அதன் எதிரே உட்கார்ந்து, நீர் ஆவியாவதைப் பற்றிக் கதை எழுத ஆரம்பித்தேன்.

2.

முதல் தொடக்கம்: "அந்தக் காலரில் கோடானுகோடி நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று…" (வேண்டாம். பாடப்புத்தக வாடை.)

இரண்டாவது: "துடுக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை." (பரவாயில்லை, போகலாம்.)

துடுக்கு ஒரு நீர் மூலக்கூறு. காலரின் ஈரத்தில் மேற்பரப்பில் இருக்கிறான். அக்கம்பக்கத்தார் அவனை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருக்கிறார்கள். அவன் தப்பிக்க நீர் கொதிக்க வேண்டியதில்லை. முட்டிமோதுகிற கூட்டத்தில் யாராவது ஒருவனுக்கு அதிக வேகம் கிடைத்துவிடும். பிடியை உதறிக்கொண்டு காற்றில் கலந்துவிடுவான். உடைவதெல்லாம் இல்லை, முழு மூலக்கூறாகவே போகிறான். வேகக்காரர்கள் போகப் போக மிச்சமிருப்பவர்கள் மந்தமாகிறார்கள். ஈரத்துணி ஜில்லென்று இருப்பது அதனால்தான்.

(துடுக்குக்கு ஆசையும் கிடையாது, கோபமும் கிடையாது. தெரியும். ஆசையே இல்லாத கதாநாயகனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?)

3.

என் எழுத்து முறையையும் சொல்லிவிடுகிறேன். பகுதிக்கு ஒரு தாளாக எழுதி, தரையெல்லாம் பரப்பி, மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பேன். அதனால் மின்விசிறி போடமாட்டேன். ஜன்னலையும் திறக்கமாட்டேன்.

4.

முடிவு அபாரமாக வந்தது. துடுக்கு அறையெங்கும் சுற்றுகிறான். போகிற இடமெல்லாம் அவனுக்கு முன்பே வந்த ஆவிக் கூட்டம். அலைந்து களைத்து, அதே காலருக்கே திரும்புகிறான். பழைய சொந்தங்கள் அவனைக் கட்டிக்கொள்கின்றன. எழுதும்போதே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பார்த்து அவள் உள்ளே வந்து காலரைத் தொட்டாள்.

"என்னங்க, அப்படியே ஈரமா இருக்கு?"

பதிலுக்கு முடிவுத் தாளை நீட்டினேன். நின்றபடியே படித்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா போனவன் எல்லாம் இப்படித் திரும்பி வந்தா என் சட்டை எப்படிங்க காயும்?"

நான் குனிந்து தரையிலிருந்த தாள்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

"தாளையெல்லாம் அடுக்கிட்டு, ஒரு நிமிஷத்துல…"

"முதல் நாளுங்க."

அவள் குரலில் கோபமே இல்லை, பயம்தான் இருந்தது.

(மாற்று முடிவு: ஈரச் சட்டையோடு அவள் முதல் பேருந்தை எடுத்துக்கொண்டு… இதை எழுத எனக்குக் கை வரவில்லை.)

5.

நானே எழுந்து ஜன்னலைத் திறந்தேன். விசிறியை முழு வேகத்தில் வைத்தேன். தாள்கள் சுழன்று கிளம்பின. ஒவ்வொன்றாகத் தாவிப் பிடித்தேன். துடுக்கைப் பற்றி நீங்கள் படித்தது அவற்றிலிருந்துதான். முடிவுத் தாள் மட்டும் சிக்காமல் ஜன்னல் வழியே போய்விட்டது; அதை மட்டும் நினைவிலிருந்து சொன்னேன். துடுக்கும் அப்போதுதான் போயிருப்பான்.

கிளம்பும் நேரத்தில் அவள் சட்டையை மாட்டிக்கொண்டு காலரைத் தடவிப் பார்த்தாள். "காஞ்சிடுச்சுங்க" என்று சிரித்தாள். எந்தக் கதைக்கும் எனக்கு இப்படி ஒரு பாராட்டு கிடைத்ததில்லை.

அந்தத் தாள் உங்கள் கையில் கிடைத்தால் படியுங்கள், பிடிக்கவில்லை என்றால் திருத்துங்கள். தயவுசெய்து திருப்பிக் கொண்டுவர மட்டும் வேண்டாம்.