ஃபெபியின் கேக்குக்கு ஏலம் கேட்க ஆளில்லை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த இடம் அமெரிக்காவில், பிரிட்ஜ்வாட்டரில் ஒரு கார் பார்க்கிங். பக்கத்துப் பள்ளிக்கூட ஜிம்மை வாடகைக்கு எடுத்துத்தான் எங்கள் தமிழ்ச் சபை அறுப்பின் பண்டிகை கொண்டாடும். காணிக்கையாக வந்த பூசணிக்காய், முறுக்கு, கேக் எல்லாவற்றையும் ஊரில் செய்வதுபோலவே ஏலம் விடுவோம். இந்த வருஷம் ஏலம் முடிந்தபின் ஒருவர் கார் டிக்கியைத் திறந்துகொண்டே, "நம்ம ஃபெபி கஞ்சா கம்பெனியிலயாமே?" என்று ரகசியமாகக் கேட்டார். பாதி பார்க்கிங்குக்குக் கேட்டது. ஆகா, கதை மாட்டியது என்று வீட்டுக்கு ஓடினேன்.

முதல் தொடக்கம்: "புகை மண்டிய அறையில், கண்கள் சிவக்க, ஃபெபி நாற்காலியில் சாய்ந்து—"

இதை அவளிடமே போனில் படித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

"அக்கா, நான் ஆலைக்குள்ள காபிகூட கொண்டுபோக முடியாது! தலையில ஹேர்நெட், கையில க்ளவ், மேல கேமரா. யாராவது புகைச்சுட்டு வந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

இரண்டாம் தொடக்கம்: "பணத்தில் புரளும் ஃபெபி, தன் சொகுசு—"

"எந்தப் பணம்? கஞ்சான்னதும் பாதி பேங்க் எங்களைக் கண்டாலே ஓடுது."

மூன்றாவது: "ஜாலியான முதலாளியம்மா ஃபெபி—"

"புதுசா வேலைக்கு ஜாயின் பண்றவங்க எல்லாம் அப்படித்தான் நினைச்சுட்டு வராங்க. ஒரே வாரத்துல எனக்கு ஹெட்மிஸ்ட்ரஸ்னு பேர் வச்சுட்டாங்க."

(வாசகரே, என் பாடு உங்களுக்குப் புரியவேண்டும். சதா கை கழுவிக்கொண்டிருக்கும் கதாநாயகியை வைத்து நான் என்னத்தை எழுத?)

3

சரி, நடந்ததையே சொல்கிறேன். "மருந்து பேக் பண்ற கம்பெனி" என்றுதான் ஃபெபி சபையில் சொல்லிவைத்திருந்தாள். பாதி உண்மை; அந்த மருந்து, அங்கே சட்டப்படி விற்கும் கஞ்சா.* போன மாதம் அவளை அந்த ஆலைக்கே தலைவியாக்கினார்கள். கஞ்சா இலையோடு கம்பெனி போட்ட வாழ்த்துப் படம், யார் புண்ணியமோ, சபை வாட்ஸப் குழுவுக்கு வந்துசேர்ந்தது.

பிறகு பண்டிகை வந்தது. ஒவ்வொரு வருஷமும் ஃபெபியின் ப்ளம் கேக்குக்குத்தான் அடிதடி. எலிசா ஆன்ட்டி யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். இந்த வருஷம், ஏலம் விடும் தாமஸ் அங்கிள் கேக்கைத் தூக்கிக் காட்டியதும் எலிசா ஆன்ட்டி கைப்பையில் எதையோ மும்முரமாகத் தேட ஆரம்பித்தார். ஏலம் கேட்க ஒருவரும் கை தூக்கவில்லை.

"உள்ள என்னம்மா போட்டிருக்க?" என்று தாமஸ் அங்கிள் மைக்கில் கேட்டார். தமாஷாகத்தான் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், ஃபெபியும் சிரித்தாள்.

ஆனால் அவள் சிரிப்பு ஒப்புக்குத்தான். வேலை போகாது, சம்பளமும் குறையாது. தன் கையால் செய்ததைத் தன் ஜனம் இனிமேல் வாயில் வைக்குமா? அது ஒன்றுதான் அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

* மீதிப் பாதியை எப்போது சொல்வது என்று அவளும் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள்.

4

முடிவு (அ): ஃபெபி மேடையேறித் தன் தொழிலின் மேன்மையைப் பற்றி உருக்கமாக— வேண்டாம். பிரசங்கத்தைக் காலையிலேயே ஒருமுறை கேட்டாயிற்று.

முடிவு (ஆ): எலிசா ஆன்ட்டி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு— சீ, எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.

உண்மையில் ஃபெபி நேரே போய் மைக்கை வாங்கினாள்.

"மைதா, முட்டை, வெண்ணெய், உலர்திராட்சை. அப்புறம் ரம். திராட்சையை ஒரு மாசம் ரம்லதான் ஊறவைப்பேன். எல்லா வருஷமும் அப்படித்தான் செஞ்சேன். அதுக்கு யாரும் ஒண்ணும் கேட்டதில்லையே, அங்கிள்?"

ஜிம் திகைத்துப்போனது. மது தொடாத குடும்பங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. எலிசா ஆன்ட்டி கைப்பையை மூடினார்.

"ரம்மா?" என்றார். "அதான் அவ்ளோ நல்லா இருந்துச்சா!"

முதலில் அவர்தான் சிரித்தார், அப்புறம் ஜிம்மே சிரித்தது. இந்தத் தடவை ஃபெபி மனசாரச் சிரித்தாள்.

தாமஸ் அங்கிள் கேக்கை மறுபடி தூக்கினார். "கேக்குறவங்க கேக்கலாம்! ஒரு தரம்…"

5

இங்கே நிறுத்திக்கொள்கிறேன். சிரிப்பது சுலபம், வாயில் வைப்பது வேறு. அன்று யார் கை தூக்கினார்கள் என்பதை நான் சொல்லப்போவதில்லை. கேக் இன்னும் தாமஸ் அங்கிள் கையில் இருக்கிறது. ஃபெபி உங்களைத்தான் பார்க்கிறாள்.

ரெண்டு தரம்…