கைக்குட்டைக்குப் பின்னால்

மிட்சுயோ விசிறியை விரித்து வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். இசோகாய் சோற்றுக் கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு மனைவியின் தோள்களையே பார்த்தார். பேச்சு முடியும் இடத்தில் மனிதர்களின் தோள் ஒரு நூலளவு இறங்கும். இப்போது இறங்கியது தோளா, அசைந்தது விசிறியா? "அவன் வீட்லதான் இருந்தான்னு யாரு பாத்தாங்க?" என்று தன் வசனத்தைச் சொன்னார். மிட்சுயோ விசிறியை மடக்கினாள். அவள் முகமே சொல்லிவிட்டது.

"நான் இன்னும் முடிக்கலைங்க. நடுவுல புகுந்துட்டீங்க."

"நீ மூச்சு விட்ட."

"மூச்சு விடாம எப்படிப் பேசறதாம்? இத்தனை வருஷம் கூட இருக்கிற என் மூச்சே உங்களுக்குப் புரியல. நாளைக்கு எதிர்ல நடிக்கப்போற அந்தம்மா எப்ப மூச்சு விடும்னு உங்களுக்கு என்ன தெரியும்?" அவர் படிக்க வசதியாக உதடுகளை நிறுத்தி நிறுத்தி அசைத்தாள். "பேசாம காது கேக்கலன்னு அவங்ககிட்ட சொல்லிடுங்க."

"சொன்னா ஹொக்காய்டோதான்."

அது அவர்கள் வீட்டில் மட்டும் புழங்கும் பேச்சு. இசோகாய் நடிக்கும் தொலைக்காட்சித் தொடரில் பிணப் பரிசோதனை மருத்துவராக நடித்துக்கொண்டிருந்த பெரியவர் போன வருடம் இரண்டு நாள் தொடர்ந்து வசனத்தை மறந்தார். அடுத்த மாதமே கதையில் அந்த மருத்துவர் வடகோடி ஹொக்காய்டோவுக்கு மாற்றலாகிப் போனார். பூச்செண்டு கொடுத்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள், இசோகாயும் தட்டினார். அதற்குப் பிறகு அந்தப் பெரியவரை எந்தத் திரையிலும் பார்க்க முடியவில்லை.

நீகாத்தா பக்கம் கருவாடு விற்கும் வீட்டில் பிறந்து, டோக்கியோவுக்கு ஓடிவந்து, சின்ன நாடகக் குழுவில் சேர்ந்தவர் இசோகாய். தொலைக்காட்சியில் முதலில் கிடைத்ததெல்லாம் பிண வேடம். பிறகு விடுதிக் கதவைத் திறக்கிறவன், கூட்டத்தில் ஒரு போலீஸ்காரன். நாற்பதை நெருங்கும்போது ஒரு தொடரில் எப்போதும் ஜலதோஷம் பிடித்த துப்பறிவாளனாகத் தும்மினார். தும்மல் ஜனங்களுக்குப் பிடித்துப்போயிற்று. அது ஒரு படத்துக்கும் இரண்டு விளம்பரங்களுக்கும் வழி விட்டு, கடைசியில் புதன்கிழமைத் தொடரின் குற்றப்பிரிவுத் தலைவர் நாற்காலியில் அவரை உட்கார வைத்தது. காய்கறிக் கடையில் முன்பின் தெரியாதவர்கள், "தலைவரே, அந்த டிரைவர்தானே கொலைகாரன்?" என்று கேட்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே அவர்கள் உதட்டைப் பார்ப்பார்.

வலது காது ஒரு குளிர்காலக் காலையில் விளக்கு அணைவதுபோல அணைந்தது. இடது காது அப்படி இல்லை. ஊரைவிட்டுப் போகிற ரயில்போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரமாகிக்கொண்டே போனது. யாரிடமும் சொல்லவில்லை. எதிரில் நடிப்பவரை இடப்பக்கம் வைத்துக்கொண்டார். எல்லோருடைய வசனத்தையும் மனப்பாடம் செய்தார். முக்கியமாக, உதடுகளைப் படித்தார். காதுக்குள் வைக்கும் கருவியை ஒருநாள் முடிக்கு அடியில் மறைத்துக்கொண்டு போனபோது அது ஊசிபோலக் கூவியது. ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். இசோகாய் கருவியை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டு, எல்லோருடனும் சேர்ந்து கூரையைப் பார்த்தார்.

அப்படியே சமாளித்துவிட்டிருப்பார். ஆனால் கொரோனாத் தொற்று வந்தது. ஸ்டுடியோவில் எல்லா வாய்களும் ஒரே நாளில் மறைந்துபோயின. காமிரா ஓடும் டேக் சமயத்தில் மட்டும் நடிகர்கள் முகக்கவசத்தைக் கழற்றலாம், ஒத்திகையெல்லாம் கவசத்தோடுதான். இந்தப் பருவத்துக்குப் புதிதாக வந்த இயக்குநர் உசுய் இளைஞர், மெதுவாகப் பேசுகிறவர் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இசோகாய்க்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைத் துணியும் அதற்கு மேலே இரண்டு கண்களும்தான். துணி உள்ளே போய் வெளியே வரும், அவர் தலையாட்டுவார். ஒருமுறை தலையாட்டிவிட்டு நேர் எதிர்க் கதவு வழியாக வெளியேறினார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தார்கள் என்பதைக் கண்களின் ஓரத்தை வைத்துத் தெரிந்துகொண்டார்.

இப்போது ஹொன்ஜோ ஃபுமி வருகிறார். மேடையிலேயே நரைத்தவர், எதிராளி அசந்தால் காட்சியையே விழுங்கிவிடுவார் என்று பேர். கொலைப் பழி விழுந்த ஒருவனின் தாயாக, விசாரணை அறையில், இசோகாயின் எதிரே. நீண்ட காட்சி. ஒத்திகையிலேயே ஹொன்ஜோ முடிவு செய்துவிட்டார்: தலையை நிமிர்த்தமாட்டார், கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டே பேசுவார். உசுயின் கண்கள் மலர்ந்தன. அன்று இரவுதான் இசோகாய் மனைவியின் கையில் விசிறியைக் கொடுத்தார்.

மறுநாள் முதல் டேக்கில் தப்பித்துவிட்டார். தோள்களைப் பார்த்தார், தன் மனதுக்குள் ஹொன்ஜோவின் வசனத்தை அதே வேகத்தில் ஓட்டினார், இடம் வந்ததும் பேசினார். ஆற்றுப் பாசியில் கால் வைத்து நடப்பதுபோல ஒவ்வொரு வரியாகக் கடந்தார். காமிராவை நெருக்கி இன்னொன்று எடுக்கலாம் என்றார்கள். மறுபடியும் ஆரம்பித்தார்கள்.

பாதியில் ஹொன்ஜோவின் தோள் நின்றுவிட்டது. மனதுக்குள் ஓடிய வசனத்துக்கு இன்னும் இரண்டு வரி பாக்கியிருந்தது. இசோகாய் காத்திருந்தார். கைக்குட்டை அசைந்ததுபோல் இருந்தது. விட்டுவிட்டாரா? மாற்றிவிட்டாரா? கேள்வி கேட்டுவிட்டு பதிலுக்குக் காத்திருக்கிறாரா? காமிராவுக்குப் பக்கத்தில் ஒருவரும் அசையவில்லை. நெஞ்சு அடித்துக்கொள்வது மட்டும் அவருக்குக் கேட்டது. அது காது வழியாக வருவதில்லை. எந்த வரியைச் சொன்னாலும் தவறாகிவிடும் என்று தோன்றியது. நாக்கு தானாகப் புரண்டது.

"கேக்கலம்மா. கைக்குட்டைய எடுத்துட்டு, என்னைப் பாத்து இன்னொரு தடவை சொல்லுங்க."

ஹொன்ஜோ மெதுவாக நிமிர்ந்தார். கைக்குட்டை மேசைக்கு இறங்கியது. அந்த வாய் நடுங்கியது. அது நடிப்பா என்று இசோகாய்க்குத் தெரியவில்லை.

"அவன் சாப்பிட்டானான்னு கேட்டேன்."

எழுதப்பட்ட பக்கத்தில் அந்த வரி இல்லை. "சாப்பிட்டான்" என்றார் இசோகாய். பிறகு, "கொஞ்சம் மிச்சம் வெச்சுட்டான்." அதுவும் பக்கத்தில் இல்லை.

டேக் முடிந்ததும் உசுய் ஓடிவந்தார். துணி படபடவென்று அசைந்தது, கட்டைவிரல் உயர்ந்தது. விளக்குக்காரர்கள் கைதட்டினார்கள். இசோகாய் எல்லோருக்கும் குனிந்து வணங்கினார்.

சாப்பாட்டு இடைவேளையில் ஹொன்ஜோ அவருடைய அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். எதிரில் உட்கார்ந்து கவசத்தை மோவாய்க்கு இறக்கினார்.

"நான் அதை மூணு தடவை கேட்டேன். மூணாவது தடவை விளக்குக்காரனுக்கே கேட்டிருக்கும்."

இசோகாய் டப்பாச் சோற்றின் மேலிருந்த ஊறுகாய்ப் பழத்தைக் குச்சியால் ஓரத்துக்குத் தள்ளினார்.

"எந்தக் காது?"

"ரெண்டும்."

"அவங்க அதைப் பெரிய நடிப்புன்னு நெனச்சுக்கிட்டிருக்காங்க."

"தெரியும்."

"நாளைக்கு நீதிமன்றக் காட்சி. உனக்கு முதுகைக் காட்டிக்கிட்டுப் பேசணும் நான்." ஹொன்ஜோவின் உதடுகள் கோபமாக இருந்தன, ஆனால் கண்கள் பயந்திருந்தன. "எனக்கு இந்த மூட்டுவலியோட இனி யாரு வேஷம் குடுக்கப் போறாங்க? இதை உன் அதிர்ஷ்டத்த நம்பி நடிக்க முடியாது. நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"தொடர்லேர்ந்து தூக்கிடுவாங்க, ஹொன்ஜோ சான்."

"தூக்கலாம்." கவசத்தை மேலே ஏற்றப் போனவர் மறுபடி இறக்கினார். "தூக்க மாட்டாங்கன்னு பொய் சொல்ல எனக்கு வரல." எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார்.

இசோகாய் சோற்றைத் தொடாமல் மூடினார். மிட்சுயோவுக்குக் குறுஞ்செய்தி எழுதலாமா என்று கைபேசியை எடுத்தார், என்ன எழுதுவது? போட்டிருந்த தலைவர் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினார். அதைப் போட்டுக்கொண்டு சொல்லக்கூடாது என்று ஏனோ தோன்றியது. வெள்ளைச் சட்டையோடு நடைபாதையில் நடந்தபோது, எதிரில் வந்த துணிகள் எல்லாம் அசைந்து அவரை வாழ்த்தின. தலையாட்டிக்கொண்டே போனார்.

உசுய் வெளிப்படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து நாளைக்கான பக்கங்களில் கிறுக்கிக்கொண்டிருந்தார். இவரைக் கண்டதும் எழுந்து ஏதோ சொன்னார். பாராட்டாகத்தான் இருக்கும்.

"நீங்க சொல்றது எனக்குக் கேக்கல" என்றார் இசோகாய்.

துணி மறுபடி அசைந்தது, இன்னும் வேகமாக. சத்தம் போட்டுச் சொல்கிறார்போல.

"சத்தமாச் சொன்னாலும் கேக்காது, உசுய் சான். இன்னிக்கு மட்டுமில்ல. நீங்க வந்த நாள்லேர்ந்து. அந்தம்மா கேட்டதும் கேக்கல. அது நடிப்பே இல்ல." குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. கீழே முற்றத்தில் மரச்சட்டங்களைத் தூக்கிக்கொண்டு போன இருவர் திரும்பிப் பார்த்தார்கள். "வாய் தெரிஞ்சாதான் எனக்குப் பேச்சு."

உசுயின் கை பேனாவைப் பிடித்தபடி அப்படியே நின்றது. பிறகு பக்கங்களைப் படியில் வைத்து, அவை பறக்காமலிருக்க மேலே கைபேசியை வைத்துவிட்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்று, கவசத்தைக் கழற்றினார்.

இத்தனை மாதம் தலையாட்டிய முகத்தை இசோகாய் முதன்முதலாகப் பார்த்தார். நினைத்ததைவிடச் சின்னப் பையனாக இருந்தான். மேலுதட்டில் சரியாக வளராத மீசை. கவசம் அழுத்திய சிவப்புக் கோடு கன்னத்தில். அந்த உதடுகள் கொஞ்சம் திறந்தன, மூடிக்கொண்டன, ஒருமுறை நனைத்துக்கொண்டன. மறுபடி திறந்தன. இசோகாய் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக்கொண்டு, அவற்றின் மேலிருந்து கண்ணை எடுக்காமல் முன்னால் சாய்ந்தார்.