பகல் காவல்

"நாங்க எல்லாரும் போனதுக்கப்புறம் உங்களை யாருப்பா பாத்துக்குவா?"

ஒரு நாள் காலையில் ஷூவுக்குள் காலை நுழைத்துக்கொண்டே மகள் கேட்ட கேள்வி இது. ஒன்றாம் வகுப்பு படிக்கிறவள். அவள் கணக்கில், வீட்டில் தனியாக இருக்கிற யாருக்கும் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும்.

"நான் என்ன பாப்பாவா? என்னை நானே பாத்துப்பேன்" என்று சிரித்தபடி லேஸைக் கட்டிவிட்டார் அப்பா.

அவளுக்குச் சமாதானம் ஆகவில்லை. "மிஸ் இல்லாத கிளாஸ்ல எல்லாரும் எந்திரிச்சு எந்திரிச்சு நடப்பாங்க" என்று எச்சரித்துவிட்டுப் படியிறங்கினாள்.

அப்படியேதான் ஆயிற்று.

அவருக்குப் படம் வரைகிற தொழில். கடையில் வாங்கும் சாமானோடு பெட்டிக்குள் ஒரு தாள் வருமே, இந்தத் திருகை இந்தத் துளையில் போடு என்று, அந்தத் தாளில் இருக்கிற படங்கள். கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் 'படக்காரர்'. பார்சல் கொண்டுவருகிறவர் முதல் நாள், "சினிமாவா சார்?" என்று கண்ணை அகல விரித்தார். "இல்லப்பா, மடக்கு நாற்காலி" என்றதும் அந்தக் கண் பழைய அளவுக்கு வந்துவிட்டது.

ஆபீஸில் இருந்து செய்துகொண்டிருந்த வேலைதான். மனைவி மருந்துக்கடை வேலையிலிருந்து திரும்ப இருட்டிவிடும். பள்ளி விட்ட பிறகு மகள் பள்ளி வராந்தாவிலேயே பையை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிற கால்களையெல்லாம் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அதைப் பொறுக்க முடியாமல்தான் வேலையை விட்டு, அதே படங்களை வீட்டிலிருந்து வரைந்து கொடுக்க ஆரம்பித்தார். "இனிமே எனக்கு நான்தான் முதலாளி" என்று ஆபீஸில் மார்தட்டிவிட்டும் வந்திருந்தார்.

ஆரம்பத்தில் முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு முதலாளிக்குத் திட்ட ஆளில்லை, தொழிலாளிக்கு முணுமுணுக்க ஆளில்லை. ஒரு கோடு போடுவார், எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து பார்ப்பார். அதில் என்ன மாறியிருக்கப் போகிறது? மூடிவிட்டு வந்து அந்தக் கோட்டை அழிப்பார். திருகைப் பிடித்திருக்கிற கையைத்தான் வரைய வேண்டும். ஆளில்லாத வெறும் கை. அது அவரைப் பார்த்து டாட்டா காட்டுகிற மாதிரி இருக்கும்.

கீழே வாசல் கேட்டுக்குக் கீல் துருப்பிடித்துப் போயிருந்தது. யார் திறந்தாலும் வாலை மிதித்த பூனை மாதிரி கத்தும். அந்தச் சத்தத்துக்காக அவர் பகல் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். கேட்டதும் பேனாவைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுவார். "பகல்ல நீங்கதானே இருக்கீங்க, கொஞ்சம் எண்ணெய் விட்டுடுங்களேன்" என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டுப் போனார். "பாக்கலாம், பாக்கலாம்" என்று இவர் தள்ளிப்போட்டார். தனக்கு வருகிற ஒரே குரலின் வாயை அடைக்க யாருக்கு மனசு வரும்?

கேட்டுக்கு நேர் பக்கத்து ஜன்னல், கீழ்வீட்டு நர்ஸம்மாவுடையது. அவருக்கு எப்போதும் இரவு டியூட்டி. மகள் பள்ளிக்குப் புறப்படும்போது அவர் திரும்பி வருவார். இரண்டு பேரும் கேட்டில் நின்று ஏதோ பெரிய மனுஷிகள் மாதிரி பேசிக்கொள்வார்கள்.

அந்த நர்ஸம்மாவுக்குத்தான் திடீரென்று பார்சல்களாக வர ஆரம்பித்தன. எல்லாம் படக்காரர் வீட்டில் கொடுக்கச் சொல்லி. ஒரு நாள் ஒரு சீப்பு. மறுநாள் ஒரு சோப்பு டப்பா. அதற்கடுத்து ஒரே ஒரு நூல்கண்டு, ஒரு பெரிய பெட்டிக்குள் உருண்டுகொண்டு. பார்சல்காரர் மாடியேறி மணியடிப்பார். கையெழுத்து வாங்கிக்கொண்டு உடனே போகவும் மாட்டார். "வெயில் எப்படி சார்?", "மடக்கு நாற்காலி மடங்கிடுச்சா சார்?" என்று நிலைப்படியில் சாய்ந்துகொள்வார். சாயங்காலம் நர்ஸம்மா டியூட்டிக்குப் போகிற வழியில் வாங்கிக்கொள்வார்.

"ஒரு சீப்புக்கு ஒரு பெட்டி. மொத்தமா வாங்கினா என்னவாம்? என்னை வாட்ச்மேன் ஆக்கிட்டாங்க" என்று மனைவியிடம் பொருமினார்.

"நீங்கதான் பேச்சுத்துணை இல்லைன்னு புலம்புறீங்க. வந்தா வாட்ச்மேன்ங்கறீங்க" என்றாள் அவள். "பாவம், அவங்களுக்கே தூக்கமில்லை. அந்தக் கேட் கத்தும்போதெல்லாம் வார்டுல யாரோ கூப்பிடுறாங்கன்னு எந்திரிச்சு உக்காந்துடறாங்களாம்."

அது அவர் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. மனசு முழுக்க வேறொன்று இருந்தது. பழைய மேனேஜர் ஃபோன் செய்திருந்தார். "உன் மேஜை காலியாத்தான் இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லு, இல்லேன்னா வேற ஆளைப் போட்டுடுவேன்." போனால் நாலு பேர் முகம் பார்க்கலாம். ஆனால் மகள் மறுபடியும் அந்த வராந்தாவுக்குத்தான் போக வேண்டும். காலையில் விளக்கேற்றிக் கும்பிடும்போது, "கடவுளே, என்னை ஒரு இடத்துல உக்கார வை" என்று மட்டும் கேட்டார். வெள்ளிக்கிழமையும் வந்துவிட்டது. திரும்பிப் போய்விடலாம் என்றே ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்.

கால் ஒரு இடத்தில் நிற்காமல் கீழே இறங்கி நடந்தவர், நர்ஸம்மா வீட்டு வாசலில் செருப்பைப் பார்த்தார். உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம். ஆள் வீட்டில்தான் இருக்கிறார். படக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சரியாக அந்த நேரத்தில் கேட் கத்தியது. பார்சல்காரர்.

"ஏம்பா, கீழ ஆள் இருக்காங்களே. அங்க குடுக்கறதுக்கென்ன? நான் என்ன உங்க குடோனா?"

பார்சல்காரர் உதட்டில் விரலை வைத்து, அவரை மாடிப்படி வரைக்கும் நகர்த்திக்கொண்டு போனார். "மெதுவா சார். தூங்கறாங்க. சொல்ல வேணாம்னாங்க, ஆனா நீங்க கோவிச்சுக்கறீங்க. உங்க பாப்பா ஒரு நாள் காலையில அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, நான் வர்ற வரைக்கும் அப்பாவைப் பாத்துக்கோங்கன்னு ஒப்படைச்சுட்டுப் போயிடுச்சாம். இவங்களும் சரின்னு தலையாட்டிட்டாங்க. 'வாக்குக் குடுத்துட்டேன், ஆனா படுத்தா எனக்குக் கண்ணு சொருகிடுது. அதான் ஒவ்வொரு சாமானா வரவழைச்சு உங்களை அனுப்புறேன். மணியடிச்சு ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போங்க'ன்னாங்க."

படக்காரர் கையில் பெட்டியோடு நின்றார். லேசான பெட்டி. ஆட்டினால் உள்ளே ஏதோ ஒரே ஒரு பொருள் உருண்டது.

"நானும் சும்மா சொல்லக் கூடாது சார், உங்ககூடப் பேசறது எனக்கும் பழகிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் பார்சல்காரர் போனார். போகும்போது கேட் மறுபடியும் கத்தியது. ஜன்னலுக்குள்ளே கட்டில் கிறீச்சென்றது. யாரோ எழுந்து உட்கார்ந்து, சற்றுப் பொறுத்து மறுபடியும் படுக்கிற சத்தம்.

அப்போதுதான் மனைவி சொன்னது மனசில் விழுந்தது. வருகையில் ஒரு தரம், போகையில் ஒரு தரம். அவருக்குக் கிடைத்த ஒவ்வொரு பேச்சுத்துணைக்கும் அந்த அம்மா இரண்டு தரம் எழுந்திருக்கிறார். நல்லது செய்கிறவர்கள் பலர் அதைத் தங்கள் தூக்கத்திலிருந்து எடுத்துத்தான் செய்கிறார்கள். வாங்கிக்கொள்கிறவருக்கு அது தெரிவதேயில்லை.

மேலே போய் மேனேஜரைக் கூப்பிட்டார். "சார், நான் வரலை. வேற ஆளைப் போட்டுக்கோங்க."

"என்னய்யா, தனியா இருந்து பைத்தியம் பிடிக்குதுன்னு நீதானே சொன்னே?"

"இல்ல சார். இங்க ஆள் இருக்காங்க."

"யாரு?"

"இருக்காங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

தையல் மெஷினின் இழுப்பறையில் மனைவி வைத்திருந்த எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார். மத்தியான வெயிலில் தெருவில் ஒரு காக்காய்கூட இல்லை. கீல்களில் சொட்டுச் சொட்டாக விட்டார். எண்ணெய் உள்ளே இறங்க வேண்டுமானால் கேட்டை ஆட்ட வேண்டும். ஆட்டினால் கத்தும். அதனால் தோளைக் கொடுத்து அதன் கனத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையை இடம் மாற்றுகிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். சட்டையெல்லாம் துரு. முனகியது, பிறகு அதுவும் நின்றது.

இனி யார் வந்தாலும் மாடியில் அவருக்குத் தெரியாது. ஜன்னலுக்கு ஓட வேலையில்லை. அது ஒரு நிமிஷம் நெஞ்சில் இடறத்தான் செய்தது.

கடைசியாக ஒரு தரம் முழுக்கத் திறந்து மூடிப் பார்த்தார். கேட் வாயே திறக்கவில்லை. ஜன்னலுக்குள்ளே மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தரையில் சிந்தியிருந்த எண்ணெயைக் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு, புட்டியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, படிகளில் சத்தம் வராமல் ஏறிப் போனார்.