பெரியப்பாவின் முகவரி

1

1959, மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை, மதியம் இரண்டரை மணிக் காட்சி. இந்தக் கதை அங்கே தொடங்கியது. சிங்கப்பூரில் ஜாலான் புசார் பக்கம் ஒரு கொட்டகையில் நாங்கள் மூன்று பேர் ஒரு நகைச்சுவைப் படம் பார்த்தோம். வேலையில்லாத நாடக நடிகன் ஒருவன் ஒட்டு மீசையும் தலைப்பாகையும் வைத்துக்கொண்டு நண்பனுக்குப் பெண் கேட்கப் போகிறான். பர்மாவிலிருந்து திரும்பிய பெரியப்பா என்று சொல்லிக்கொள்கிறான். கல்யாண விருந்தில் மீசை பாயசத்தில் விழுகிறது. பெண்ணின் அப்பா அதை விரலால் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். படம் முடிகிறது.

நானும் சிரித்தேன். அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன்.

2

நான் கைவிட்ட தொடக்கங்கள்:

கண்மணி குழந்தையோடு பஸ்ஸில் ஏறினாள்.
(அவளிடமிருந்து தொடங்கினால் நான் யார் என்று சொல்லாமலே தப்பித்துவிடலாம்.)

கோவிந்தசாமி ஓர் அயோக்கியன்.
(உண்மை. அவனோடு ஒரே அறையில் நாலு வருடம் இருந்தவன் நான்.)

நாங்கள் நாடகக்காரர்கள்.
(இது நிற்கட்டும்.)

3

ஆணி, பூட்டு விற்கும் சீனர் கடையொன்றின் மாடியில் நானும் கோவிந்தசாமியும் குடியிருந்தோம். அவனுக்குக் கிட்டங்கியில் சரக்கு மூட்டை அடுக்கும் வேலை. நான் பகலில் அச்சுக்கோப்பவன், மற்ற நேரத்தில் எங்கள் நாடகக் குழுவுக்கு வசனம் எழுதுபவன். வேலாயுதம் பஸ் கண்டக்டர். வயது நாற்பது. மேடையில் கிழவர் வேடம் எப்போதும் அவருக்குத்தான்.

கோவிந்தசாமிக்கு ரயில்வே தங்கராஜுவின் மகள் கண்மணியைப் பேசியிருந்தார்கள். தங்கராஜு ஒன்றுதான் கேட்டார். பையன் பக்கத்துப் பெரியவர் ஒருவர் வந்து தாம்பூலம் மாற்றி வாக்குக் கொடுக்க வேண்டும்.

இங்கே கப்பலில் தனியாக வந்த ஆண்களில் பாதிப் பேருக்கு அப்படி ஒருவர் கிடையாது. யாரையாவது பெரியவராக நிறுத்துவது வழக்கம்தான். ஆனால் நிற்பவருக்கு இந்த ஊரில் ஒரு வாசல் இருக்கும். ஏதாவது என்றால் அங்கே போய் நிற்கலாம்.

"படத்துல வந்த மாதிரியே பண்ணிடுவோம் லா," என்றான் கோவிந்தசாமி. "இவன் எழுதட்டும், நீங்க நடிங்கண்ணே."

"மீசை பாயசத்துல விழுந்தா நான் பொறுப்பில்ல," என்றார் வேலாயுதம். "நல்ல கோந்தா வாங்கு."

4

நான் எழுதியது மூன்று வரி. முதல் இரண்டும் படத்திலிருந்து எடுத்தவை. மூன்றாவது என்னுடையது: "நாளைக்கு இவளுக்கு ஒரு குறைன்னா, என் வீட்டுக் கதவத் தட்டட்டும்."

வேலாயுதம் அதைச் சொன்னபோது தங்கராஜு கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஐயா வீடு எங்கே என்று கேட்டார். அது வசனத்தில் இல்லை. வேலாயுதம் என்னைப் பார்த்தார். நான் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். ஃபேரர் பார்க் பக்கம் ஒரு தெரு, எண் 88. அந்தத் தெரு உண்டு. வீடுகள் நாற்பதோடு முடிந்துவிடும்.

கண்மணி நிமிரவே இல்லை. நிச்சயத்தன்று பெண் நிமிர்ந்து பார்ப்பது வழக்கமில்லை. பெரியப்பாவின் காலில் விழுந்தாள். அவர் பாதங்களை மட்டும் பார்த்திருப்பாள்.

கல்யாணத்தன்று பெரியப்பாவுக்குக் காய்ச்சல். வாழ்த்துத் தந்தியையும் நானே எழுதினேன். மீசை கடைசிவரை விழவில்லை.*

* கோவிந்தசாமிக்கு ஊரிலிருந்து மாதம் ஒரு கடிதம் வரும். பெண்ணின் கையெழுத்து. தங்கச்சி என்றான். கல்யாணமாகி அவன் வேறு வீடு போன பிறகும் அவை என் அறைக்கே வந்தன. நான் எடுத்துவைத்தேன். அவன் வந்து வாங்கிப் போனான். தங்கச்சி என்று நம்பினேன். (இந்தக் கடைசி வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டுத் திரும்ப எழுதியிருக்கிறேன். இப்போதும் அடிக்கிறேன்.)

5

தங்கராஜு மறு வருடம் ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். அந்த வாக்கு இருந்ததால்தான் மகளை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனம் வந்தது. அடுத்த வருடம் அங்கேயே இறந்தார்.

1962இல் கோவிந்தசாமி, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று கப்பலேறினான். திரும்பவில்லை. கண்மணிக்கு ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. அவன் ஊர் தஞ்சாவூர்ப் பக்கம் என்பதற்குமேல் அவளுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். பெரியப்பா.

(அவன் கப்பலேறிய வாரமே நான் அறையை மாற்றிக்கொண்டேன். ஏன் என்று...)

ஒரு வெள்ளிக்கிழமை அவள் வேலாயுதத்தின் பஸ்ஸில் ஏறினாள். மடித்த தாளை நீட்டி, எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டாள். அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. என் கையெழுத்து அவருக்குத் தெரிந்தது. தெருவைக் காட்டி இறக்கிவிட்டார். விசாரித்து வைக்கிறேன், அடுத்த வெள்ளிக்கிழமை வா என்றும் சொல்லியிருக்கிறார்.

அன்று மாலை அச்சுக்கூடத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"அடுத்த வாரமும் வருவா. நான் என்ன சொல்லணும்னு எழுதிக் குடு. சொல்லிடுறேன்."

"உண்மையச் சொல்லிடுங்கண்ணே."

"எந்த உண்மைய? நான் யாருங்கறதா, நீ யாருங்கறதா?"

நான் எதுவும் எழுதித் தரவில்லை. அந்தக் கடிதங்களின் பின்பக்கத்தில் ஊர்ப் பெயர் இருந்தது. அதை எழுதிக் கொடுத்திருந்தால் போதும். கொடுத்தால், அங்கே அவனுக்கு ஒருத்தி இருப்பது எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்பார்கள்.

6

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. வேலாயுதம் தொப்பியைக் கழற்றி, மூக்கின்கீழ் விரலை மீசையாக வைத்துக் காட்டுகிறார். அவள் சிரிக்கிறாள். (படம்.)

ஆ. அவள் கத்துகிறாள். பயணிகள் அவரை அடிக்கிறார்கள். (இதை எழுதியபோது எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. அதனால் நீக்கினேன்.)

இ. நான் அந்த பஸ்ஸில் ஏறி ஊர்ப் பெயரைச் சொல்கிறேன். (நடக்காததை நடந்ததாக ஒருமுறை எழுதிவிட்டேன். போதும்.)

நடந்தது இவ்வளவுதான். வேலாயுதம் வியாழக்கிழமையே வேறு ரூட் கேட்டு வாங்கிக்கொண்டார். வெள்ளிக்கிழமை அந்த பஸ்ஸில் புதிய கண்டக்டர். அவர் என்ன சொன்னார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இதை எழுதுவது 1968இல்.

ஊரின் பெயர் கீழப்புன்னைக்குடி. இப்போது உங்களுக்கும் தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமையின் புதிய கண்டக்டர் நீங்கள்தான். டிக்கெட் பை உங்கள் தோளில் இருக்கிறது. காலை பத்து மணி. குழந்தை அவள் இடுப்பில் தூங்குகிறது. ஒரு கையால் தாளைப் பிரிக்கிறாள். உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் கேட்கிறாள்.

"அண்ணே, எண்பத்தெட்டாம் நம்பர் வீடு. போன வாரம் போய்த் தேடினேன், நாப்பதோட தெரு முடிஞ்சிருச்சு. மீதி வீடுங்க எந்தப் பக்கம் இருக்கு?"