ஒன்பதாம் நம்பர் பிளக்

சங்கிலிக்குக் காலையிலிருந்தே இருப்புக்கொள்ளவில்லை. வேடசந்தூர்ப் பக்கத்து நூல் மில்லில் அவன்தான் எலக்ட்ரீஷியன். அங்கே ஒன்பதாம் நம்பர் மெஷின் நினைத்தபோதெல்லாம் நின்றுவிடும். இவன் ஓடுவான், சென்சார் பிளக்கைக் கழற்றுவான், ஊதி மறுபடி சொருகுவான், மீட்டர் வைத்துப் பார்ப்பான். எல்லாம் சரியாக இருக்கும். 'கோளாறு இல்லை' என்று எழுதிவிட்டு வருவான். இப்படிப் பதினோரு தடவை.

மெஷினில் கோளாறு இல்லையென்றால் ஆளிடம்தானே கோளாறு? உட்கார்ந்து ஓய்வெடுக்க அதை ஓட்டுகிறவளே நிறுத்துகிறாள் என்று முடிவுகட்டிவிட்டார் சூப்பர்வைசர் இஷாக். அந்த மெஷினைப் பார்த்துக்கொள்ளும் கருப்பம்மாளுக்கு இன்று இரண்டு மணி ஷிப்டோடு வேலை போகிறது. பத்து வருஷமாக அறுந்த நூலைப் பிணைத்த கை, பித்தலாட்டம் பண்ணுமா? சங்கிலிக்கு மனசு ஒப்பவே இல்லை.

ஒன்றரை மணிக்கு மெஷின் மறுபடி நின்றது.

"நான் தொடவே இல்ல தம்பி! சத்தியமா தொடல!" கருப்பம்மாள் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

பழக்கதோஷத்தில் சங்கிலியின் கை பிளக்குக்குப் போனது. பாதியில் நின்றது. அட கூறுகெட்டவனே! கழற்றிச் சொருகிவிட்டு அப்புறம் மீட்டர் வைத்தால் சரியாகத்தானே காட்டும்? காய்ச்சலை இறக்கிவிட்டு நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறவனை என்னவென்று சொல்வது!

"சார், ஓடி வாங்க! யாரும் எதையும் தொட்றாதீங்க!"

இஷாக் கண் முன்னாலேயே, பிளக்கைக் கழற்றாமல் அதன் இருபக்கத்து ஒயரிலும் மீட்டரை வைத்தான். இந்தப் பக்கம் வந்த கரண்ட் அந்தப் பக்கம் போகவில்லை. பிறகுதான் கழற்றினான். உள்ளே இருந்த பின்னின் நுனியில் கறுப்புப் பொடி.

"மெஷின் நாள் பூரா அதிருதுல்ல சார்? கண்ணுக்கே தெரியாத ஆட்டம். அதுல பின்னு உரசி உரசித் தூளாகி, துருப்புடிச்சு நடுவுல அடைச்சிருது. நான் கழட்டி மாட்டுனா தூளு உதுந்து போயிரும், ஓட ஆரம்பிச்சிரும். தப்பு என் மேலதான்."

இஷாக் அந்தப் பொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு வேலைக்கு வந்துருங்கம்மா," என்றார்.

சங்கிலிக்கு அப்பாடா என்றிருந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

கருப்பம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். "தம்பி, போன மாசம் பதினாலாம் நம்பர் மெஷின்ல வேலை பார்த்த பவித்ராவையும் இதச் சொல்லித்தானே அனுப்புனாங்க? அப்பவும் கோளாறு இல்லைன்னு நீதானே எழுதுன?"

சங்கிலி மீட்டரைக் கீழே வைத்தான். "அவ வீடு எங்கக்கா?"

"சேவுகம்பட்டி. வேலைக்கள்ளின்னு பேராயிருச்சுன்னு ஊரவிட்டே போயிட்டாப்பா."