பன்றி வந்தபோது கத்திய சொல்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். இந்தக் கதையில் வரும் காட்டுப்பன்றியை இரண்டு முறை சிறுத்தையாக்கி எழுதிப் பார்த்தேன். சிறுத்தை என்றால் வாசகர் நிமிர்ந்து உட்காருவார். பன்றி என்றால் மூக்கைப் பொத்திக்கொள்வார். என் எண்ணம் அப்படி ஓடியது. பக்தவச்சலத்திடம் படித்துக் காட்டியபோது பாதியிலேயே கையை நீட்டித் தடுத்துவிட்டார்.

"இன்னா கதைக்காரரே, சிறுத்தன்றீங்க? சிறுத்தையா இருந்தா நாங்க கிட்டயே போயிருக்க மாட்டோம். பன்னி தானேன்னு போனோம்."

அதோடு சிறுத்தை தொலைந்தது.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது கோலார் தங்கச் சுரங்கத்து ஊரில், சாம்பியன் ரீப்ஸ் ரயில் நிலையத்து சிமென்ட் பெஞ்சில். நான் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வரைபடம் சரிபார்க்கிறவன். அவ்வப்போது வேலையாக பெங்களூர் போவேன். பக்தவச்சலம் சுரங்கத்தில் இருந்தவர். இந்த வருடம் (2001) சுரங்கத்தை மூடியபின் பெங்களூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் காவலாளி, ரயிலில்தான் போய் வருகிறார். நான் கதை எழுதுகிறவன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"செத்துப்போன ஆள நீங்க எழுதிப் பொழைக்க வெப்பீங்களா?" என்று கேட்டார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

2

முதல் தொடக்கம்: பனி விலகாத அந்த அதிகாலையில் மூன்று வேட்டைக்காரர்கள் ஓசையின்றி

[இங்கேயே நிறுத்திவிட்டேன். அங்கே வேட்டைக்காரர் என்று ஒருவர்கூட இல்லை. ஓசையின்றியும் போகவில்லை, மூவரில் ஒருவரான ரிச்சர்ட் வழியெல்லாம் கிறிஸ்துமஸ் பாட்டு பாடிக்கொண்டே போனாராம்.]

இரண்டாம் தொடக்கம்: நாகேஷின் கடலைக்காய்த் தோட்டத்தைப் பன்றிகள் உழுதுவிட்டன.

இது பரவாயில்லை. பேத்தமங்களாவுக்கு அந்தப் பக்கம், பாறை மேட்டை ஒட்டி நாகேஷுக்கு நிலம். வீட்டில் அவருடைய அப்பா காலத்து ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. ஆனால் நாகேஷுக்குக் கை நடுங்கும். ஆகவே தெரிந்தவர்களான பக்தவச்சலத்தையும் ரிச்சர்டையும் கூப்பிட்டார். இருவரும் இருபது வருடத்துக்கு மேல் ஒரே ஷிப்ட்டில், சுரங்கக் கூண்டான ஒரே கேஜில் இறங்கி ஏறியவர்கள். 1999 டிசம்பர். பண்டிகைக்குக் கறியும் ஆயிற்று, நாகேஷுக்கு உபகாரமும் ஆயிற்று. காட்டுப்பன்றியைச் சுடுவது சட்டப்படி குற்றம் என்பது மூவருக்கும் தெரியும். அது ஒன்றும் அவர்கள் நடையைத் தாமதப்படுத்தவில்லை.

3

(கதை இங்கே கொஞ்சம் நிற்கும். பொறுக்காதவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவலாம். ஆனால் தாவினால் கடைசியில் என்னைத் திட்டக் கூடாது.)

காட்டுப்பன்றி கடித்துக் கொல்வதில்லை, கிழித்துக் கொல்கிறது. அதன் கோரைப்பல் ஆளின் தொடை மட்டத்தில் வரும். தொடையில்தான் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அடிபடாத பன்றி பெரும்பாலும் ஓடிவிடும். அடிபட்ட பன்றி புதருக்குள் படுத்து நம்மை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும். சுட்ட பிறகு நெடுநேரம் கிட்டே போகக் கூடாது. பாய்ந்து வந்தால் கடைசி நொடியில் பக்கவாட்டில் ஒரு தாண்டு தாண்டினால் போதும். அந்த வேகத்தில் அதனால் சட்டென்று திரும்ப முடியாது. பழகிய வேட்டைக்காரர்கள் பாறைக்கு முதுகு கொடுத்து நிற்கவே மாட்டார்கள்.

சுரங்கத்துக்காரர்களுக்கு வேறு சட்டம். வெடி வைத்தபின் புகை அடங்கினால் உள்ளே போகலாம். இது ஒன்று. இன்னொன்று, அங்கே ஆபத்து என்றால் அது கூரையிலிருந்துதான் வரும். ஏதாவது முறிகிற சத்தம் கேட்டு எவனாவது "மேல!" என்று கத்தினால் யோசிக்கவே கூடாது. ஓடக் கூடாது. பக்கச்சுவரில் முதுகை ஒட்டி, இரண்டு கையையும் தலைமேல் கோத்து, மேலே பார்த்தபடி அசையாமல் நிற்க வேண்டும். அப்படி நின்றதால் ரிச்சர்ட் இரண்டு தடவை பிழைத்திருக்கிறார். ஒரு தடவை கத்தியது பக்தவச்சலம்தான்.

4

பக்தவச்சலம் சுட்டார். குண்டு பட்டது, பன்றி விழவில்லை. பாறை மேட்டின் கீழிருந்த புதருக்குள் போய்விட்டது. பழைய துப்பாக்கி, கரும்புகை கக்கியது. நாகேஷ் முன்ஜாக்கிரதையாகப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

கீழே இரண்டு பேரும் புகை அடங்கும்வரை காத்திருந்தார்கள்.

புகை அடங்கியது. போனார்கள்.

(இந்த இரண்டு வரியை எழுதிவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரிந்திருந்தும் ஒரு குரல் கொடுக்க முடியவில்லை.)

ரிச்சர்ட் முன்னால் போனார். பன்றி புதரைப் பிளந்துகொண்டு வந்தது. பக்தவச்சலத்தின் துப்பாக்கியில் மறுபடி மருந்து இடித்து நிரப்பியிருக்கவில்லை. பக்தவச்சலம் என்னவோ கத்தினார். ரிச்சர்ட் பாறையோடு ஒட்டி நின்றார். அப்படியே நின்றார். பன்றி அவர் தொடையைக் கிழித்துவிட்டு ஓடியது.

நாகேஷின் டிராக்டரில் ஏற்றினார்கள். கோலார் பெரியாஸ்பத்திரி போய்ச் சேருவதற்கு முன் உயிர் போய்விட்டது.

5

நாகேஷ் நல்ல மனிதர். மரத்தின் மேலிருந்து பார்த்ததைப் பார்த்தபடி சொன்னார். அவர் வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், தமிழ் தட்டித் தடுமாறி வரும். "பாபம், பயத்துல அப்டியே நின்னுட்டாரு சார். ஒரு அடி பக்கத்துல போயிருந்தா சாக்கு, அதே போதும்." பக்தவச்சலம் என்ன கத்தினார் என்று நாகேஷுக்குப் புரியவில்லை, யாரும் அவரைக் கேட்கவும் இல்லை.

ஊர் வாய்க்கு அது போதும். மூடப்போகிற சுரங்கத்தில் ஆட்களுக்கு வேலை குறைவு, பேச்சு அதிகம். "பன்னியப் பாத்து பயந்து செத்தான்" என்பது சுரங்கத்து ஆட்களின் வீட்டு வரிசையான லைன் முழுக்கப் பரவியது. ரிச்சர்டின் மகள் நேத்ரா அப்போது பி.யு.சி. படித்துக்கொண்டிருந்தாள். கல்லூரியில் அவள் வகுப்புக்குள் நுழைந்தால் பின் பெஞ்சில் ஒருவன் உறுமிக் காட்டுவான். கொஞ்ச நாளில் அவள் அப்பாவின் படத்துக்கு முன்னால் நிற்பதையே விட்டுவிட்டாள்.

இங்கே எனக்கு பக்தவச்சலத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஒரு பாத்திரம் தன் நண்பனைக் கோழை என்று ஊர் சொல்லும்போது வாயைத் திறக்கவில்லை என்றால் வாசகர் காரணம் கேட்பார். காரணம் எழுத என்னிடம் இல்லை. ரயிலில் நேராகவே கேட்டேன்.

ரயில் மாலூர் தாண்டியது. அப்புறம் சொன்னார்.

"நான் 'மேல'ன்னு கத்தினேன்."

எனக்கு விளங்கவில்லை. நான் சுரங்கத்துக்குள் இறங்காதவன்.

"இத்தன வருஷமா ஆபத்துன்னா இந்த வாயி அத்த ஒன்ன தான் கத்தும் சார். பன்னி கீழ வருது, நான் மேலன்றேன். அவன் என்னிய நம்பினான். கைய தலமேல வெச்சிக்கினு மேல பாத்துக்கினு நின்னான். பன்னிய அவன் பாக்கவே இல்ல சார். பயப்படறதுக்குக் கூட அவனுக்கு நேரம் இல்ல."

மூன்றாம் பகுதியை எழுதியது அன்றைக்குத்தான். அதுவரை அந்த இடத்தில் சிறுத்தையின் கண்களைப் பற்றி ஒரு பத்தி வைத்திருந்தேன்.

6

ரிச்சர்டின் மனைவி ஷைலஜாவைப் போய்ப் பார்த்தேன். சுரங்கத்து ஆட்களைப் பற்றி எழுதுவதாகப் பொதுவாகச் சொல்லிவைத்தேன். அந்தச் சொல்லைப் பற்றி மூச்சு விடவில்லை. காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"பக்தண்ணன் அனுப்பினாரா?"

"இல்லம்மா."

"அனுப்பியிருந்தா கூட பரவால்ல." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "அவர ஊட்டுக்குக் கொணாந்தப்ப நான் பாத்தேன் சார். கையில பன்னி கீறினது ஒன்னு கூட இல்ல. பயந்த ஆளு கையால தடுக்க மாட்டானா, தள்ள மாட்டானா? ரெண்டு மொழங்கையும் பின்னால பாறையில ஒராஞ்சி தோல் போயிருந்திச்சி. சட்ட முதுகு பூரா பாசி. நாங்க லைன்ல பொறந்தவங்க. சின்னதுல எங்க ஆட்டமே அது தான். ஒருத்தி 'மேல'ன்னு கத்தணும், மத்தவங்க செவுத்துல ஒட்டிக்கினு தலமேல கை வெக்கணும். அசஞ்சா அவுட்டு. அவரு அசையல சார். அங்க கத்தறதுக்கு வேற யாரு இருந்தாங்க?"

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"அப்போ நீங்களே நேத்ராகிட்ட சொல்லலாமே?"

"சொன்னேன். 'அப்பாவ விட்டுக்குடுக்க முடியாம சொல்றம்மா நீ'ன்னுது. கத்தின வாயி சொல்லணும் சார். கத்தினதுக்கு எனக்குக் கோவம் இல்ல. அந்த நேரத்துல கத்தாம இருந்தா தான் கோவம். இத்தினி நாளா மூடிக்கினு இருக்காரே, அதுக்கு தான்." டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். "வந்தா கதவத் தொறப்பேன். கூப்புட மாட்டேன்."

7

இப்போது முடிவு.

முதல் முடிவு பக்தவச்சலம் கேட்டது. அதில் அவர் "ஒதுங்கு!" என்று கத்துகிறார். ஒரே ஒரு சொல்தான் மாற்றினேன். ரிச்சர்ட் பக்கத்தில் தாண்டுகிறார், பன்றி தாண்டிப் போகிறது, கிறிஸ்துமஸுக்குக் கறி இல்லாமல் திட்டிக்கொண்டே வீடு திரும்புகிறார்கள். ரயிலில் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்குது சார்" என்றார். பிறகு ஜன்னலில் தலை சாய்த்து, பெங்களூர் வரும்வரை குழந்தை மாதிரி தூங்கினார். அதற்கு முன் அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை. அந்தக் காகிதங்களை வீட்டுக்கு வந்ததும் அடுப்பில் போட்டேன். நல்லது செய்வதாக நினைத்து ஒரு மனிதருக்குத் தூக்க மாத்திரை எழுதியிருக்கிறேன்.

அடுத்த தடவை பார்த்தபோது ஷைலஜா சொன்னதைச் சொன்னேன். பக்தவச்சலம் என் பையிலிருந்த நோட்டைத் தொட்டுக் காட்டினார்.

"நான் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொல்ற மாதிரி எழுதிடுங்களேன் சார். நான் படிச்சிக்கறேன்."

அந்த இரண்டாம் முடிவை எனக்கு எழுதத் தெரியும். வாசல், கதவு, நேத்ராவின் முகம், எல்லாம் மனசில் தயார். எழுதமாட்டேன். எழுதினால் படித்துவிட்டு, போய் வந்ததாகவே நினைத்துக்கொண்டு தூங்கிவிடுவார். ஆகவே இந்தக் கதையில் பக்தவச்சலம் போகவில்லை. சாம்பியன் ரீப்ஸில் இறங்கி நிற்கிறார். ஒரு பக்கம் அவர் வீடு, இன்னொரு பக்கம் ஷைலஜா வீட்டு லைன். என் பேனா அதற்கு மேல் நகராது.

பக்தண்ணே, (பெயர்களை மாற்றியிருக்கிறேன், இருந்தாலும் உங்களை உங்களுக்குத் தெரியாதா?) இதன் முதல் பிரதி உங்களுக்குத்தான். நீங்கள் போய் வந்து என்னிடம் சொன்ன பிறகுதான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புவேன். இது என் வாக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நேத்ரா வீட்டில்தான் இருக்கிறாள்.

மற்ற வாசகர்களுக்கு: இது அச்சில் உங்கள் கைக்கு வந்திருந்தால் அவர் போயிருக்க வேண்டும். அல்லது காத்திருந்து பார்த்துவிட்டு நான் வாக்குத் தவறியிருக்க வேண்டும். பன்றியை இரண்டு முறை சிறுத்தையாக்கியவன் நான். என்னை எவ்வளவு நம்புவது என்பது உங்கள் பாடு. எப்படி முடித்துக்கொண்டாலும் ரிச்சர்ட் திரும்பி வரப்போவதில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண்ணை எங்காவது பார்த்தால், யாரும் இன்னும் சொல்லியிருக்காவிட்டால், நீங்களாவது சொல்லிவிடுங்கள். உங்கப்பா பயந்து நிற்கவில்லை, நம்பி நின்றார் என்று.